ஸ்டோரேஜ் சர்வர்ல ரெண்டு போர்ட்டும் ஒரே நொடியில டவுன் ஆனது ஏன்

முதல்ல செட்டப் சொல்லிடறேன், இல்லனா பின்னாடி வர்றது தலையும் புரியாது வாலும் புரியாது. 24 டிஸ்க் போடற ரேக் சர்வர், லினக்ஸ், மேல இசட்எஃப்எஸ் (டிஸ்க்குங்கள ஒரே பூலா சேர்க்கற ஃபைல்சிஸ்டம்), அங்கேர்ந்து என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியா ஃபைல் பகிர்ற முறை) வழியா விஎம் (மெய்நிகர் கம்ப்யூட்டர்) டிஸ்க் எல்லாம் அந்த விஎம்ங்க ஓடற ஹைப்பர்வைசர் ஹோஸ்டுங்களுக்கு போகுது. டேட்டா டிராஃபிக்குக்கு 82599 சிப் வச்ச ரெண்டு போர்ட் 10 ஜிகாபிட் கார்டு ஒண்ணு, டிரைவர் ஐஎக்ஸ்ஜிபிஈ. ரெண்டு போர்ட்லயும் 850 நானோமீட்டர் எஸ்ஆர் மாட்யூல் (கார்டுல சொருகற, மின் சிக்னல ஒளியாக்கற துண்டு), மல்டிமோட் ஃபைபர், ஒவ்வொரு போர்ட்டும் ஒவ்வொரு சுவிட்சுக்கு. ரெண்டு சுவிட்சும் எம்லேக் ஜோடி, அதாவது சர்வருக்கு ஒரே சுவிட்ச் மாதிரி தெரியும், சர்வர் பக்கம் ரெண்டு போர்ட்டையும் சேர்த்து ஒரு எல்ஏசிபி பாண்ட் (ரெண்டும் ஒரே லிங்க் மாதிரி ஓடும், ரெண்டு பக்கமும் எல்ஏசிபி பாக்கெட் அனுப்பி உயிரோட இருக்கோம்னு சொல்லிக்கும்). டிஸ்க்குக்கு ஒரு எஸ்ஏஎஸ் எச்பிஏ (டிஸ்க்குங்கள சர்வரோட இணைக்கற கார்டு), அது நெட்வொர்க் கார்டுக்கு அடுத்த ஸ்லாட்ல. மதர்போர்டோட வந்த 1 ஜிகாபிட் போர்ட் மேனேஜ்மெண்டுக்கு மட்டும், பிஎம்சிக்கு (ஓஎஸ் இல்லாமலே ஃபேன், டெம்பரேச்சர், பவர் எல்லாம் கவனிக்கற குட்டி கண்ட்ரோலர்) தனி போர்ட். பேப்பர்ல பார்த்தா எந்த குறையும் சொல்ல முடியாத டிசைன்தான், ரெண்டு கேபிள், ரெண்டு சுவிட்ச், ரெண்டு பவர் சப்ளை.

முதல் புகார் வந்தது ராத்திரி பேக்கப் ஓடற நேரத்துல சில விஎம் உறைஞ்சு நிக்குதுன்னு. எல்லா விஎம்மும் இல்ல, குறிப்பிட்ட ஒரு ஹோஸ்ட்ல இருக்கறது மட்டும். ஹோஸ்ட் லாக்ல "என்எஃப்எஸ் சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்"னு ஒரு வரி, கொஞ்ச நேரம் கழிச்சு "சர்வர் ஓகே"ன்னு இன்னொரு வரி, நடுவுல எதுவுமே இல்ல. ஒரே ஒரு ஹோஸ்ட் மட்டும் அழுதா யாருமே ஸ்டோரேஜ சந்தேகப்பட மாட்டாங்க, அந்த ஹோஸ்டோட கார்டு, அந்த ஹோஸ்டோட கேபிள்னுதான் போவாங்க, இங்கயும் விசாரணை அப்படித்தான் ஆரம்பிச்சுது. அடுத்த தடவை வேற ஹோஸ்ட், அதுக்கடுத்து இன்னொண்ணு. அப்பதான் பொதுவா இருக்கற ஒரே விஷயம் ஸ்டோரேஜ் சர்வர்தான்னு பார்வை இந்தப் பக்கம் திரும்புச்சு.

ஏன் ஒரு ஹோஸ்ட் மட்டும் மாட்டுச்சுங்கறதுக்கு பதில் ரொம்ப பின்னாடிதான் கிடைச்சுது, ஆனா இங்கயே சொல்லிடறது நல்லது. பாண்ட் எந்த பாக்கெட்ட எந்த போர்ட்ல அனுப்பணும்னு ஒரு ஹேஷ் (அட்ரஸ வச்சு போடற கணக்கு) போட்டு முடிவு பண்ணும், ஒரு டிசிபி கனெக்‌ஷன் எப்பவும் ஒரே போர்ட்லதான் ஓடும். அந்த போர்ட்டுக்குள்ளயும் பல டிரான்ஸ்மிட் க்யூ (பாக்கெட் வெளிய போக நிக்கற வரிசை) இருக்கு, கனெக்‌ஷன் அதுல ஏதோ ஒண்ணுல போய் உக்காரும். ஒரு க்யூ மட்டும் தொங்கினா அந்த க்யூவுல மாட்டின ஹோஸ்ட் மட்டும் தவிக்கும், பக்கத்து க்யூவுல இருக்கறவன் ஜாலியா ஓடிட்டு இருப்பான். லிங்க் லைட் பச்சையா எரியும், எல்ஏசிபி பாக்கெட்டும் வேற க்யூ வழியா போய்ட்டு இருக்கும், சுவிட்ச்ல கேட்டா எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லுவாங்க, அவங்க சொல்றதும் பொய் இல்ல.

அப்புறம் ஒரு ராத்திரி மொத்தமா போச்சு. ரெண்டு போர்ட்டும் டவுன், எல்லா ஹோஸ்ட்லயும் எல்லா விஎம்மும் நின்னுடுச்சு. மேனேஜ்மெண்ட் போர்ட் வழியா எஸ்எஸ்எச் போட்டா சர்வர் உயிரோட இருக்கு, பூல் ஆன்லைன், டிஸ்க் எரர் ஒண்ணும் இல்ல, என்எஃப்எஸ் திரெட் எல்லாம் சும்மா உக்காந்திருக்கு. ரீபூட் கொடுத்தாங்க. வந்ததும் பார்த்தா கார்டயே காணோம், எல்எஸ்பிசிஐ (சர்வர்ல சொருகின கார்டுங்கள காட்டற கமாண்ட்) லிஸ்ட்ல அந்த வரியே இல்ல. மறுபடி ரீபூட், அப்பவும் இல்ல. பவர ஆஃப் பண்ணி ரெண்டு பவர் கார்டையும் உருவி கொஞ்ச நேரம் விட்டு திரும்ப போட்டப்புறம்தான் கார்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்து வந்துச்சு. ரீபூட்ல கார்டுக்கு போற கரண்ட் நிக்கறதில்ல, ரீசெட் சிக்னல் மட்டும்தான் போகும், அதனால ரீபூட்டுக்கு மசியாத கார்டு பவர் உருவினா மசியுதுன்னா கோளாறு டிரைவருக்கும் கீழ எங்கயோ இருக்குன்னு அப்பவே ஒரு மூலையில உறைக்கணும். ஆனா நடுராத்திரியில சர்வீஸ் எழுந்துடுச்சுன்னா எல்லாரும் படுக்கப் போயிடுவாங்க, அதுதான் நிஜம்.

காலையில வழக்கமான இழுபறி. சர்வர் பக்கம் சுவிட்ச கைகாட்ட, சுவிட்ச் பக்கம் மாட்யூல கைகாட்ட. இத தீர்த்தது சுவிட்ச் லாக்ல இருந்த நேரம்தான். ரெண்டு தனித்தனி சுவிட்ச்ல, ரெண்டு தனித்தனி போர்ட், ஒரே நொடியில டவுன். ரெண்டு ஃபைபர் ஒரே நொடியில கெட்டுப் போகாது, ரெண்டு மாட்யூலும் பேசி வச்சுக்கிட்டு சாகாது. ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்கோ அதுதான் குற்றவாளி, அப்படி பொதுவா இருக்கறது கார்டு, ஸ்லாட், டிரைவர், கெர்னல், கரண்ட், அவ்வளவுதான். இதுக்கு சுவிட்ச், சர்வர் ரெண்டுலயும் என்டிபி (கடிகாரத்த ஒத்து வைக்கற வசதி) சரியா ஓடணும், கடிகாரம் பத்து நொடி தள்ளி ஓடியிருந்தா இந்த வாதமே நின்னிருக்காது.

கேபிள் பக்கத்த முழுசா மூடணும்னா வெறும் லாஜிக் போதாது, நம்பர் வேணும். ஈத்டூல்ல (நெட்வொர்க் கார்டோட நிலைய காட்டற கமாண்ட்) ஹைஃபன் பெரிய எஸ் போட்டா கவுண்டர் எல்லாம் வரும், ஆர்எக்ஸ் சிஆர்சி எரர்ஸ் (வழியில சிதைஞ்சு வந்த பாக்கெட்) ரெண்டு போர்ட்லயும் பூஜ்யம், சுவிட்ச் பக்கமும் பூஜ்யம். ஹைஃபன் எம் போட்டா மாட்யூலே தன் கதைய சொல்லும், உள்ள வர்ற ஒளி சுமார் மைனஸ் 3 டிபிஎம். 10 ஜிகாபிட் எஸ்ஆருக்கு ஸ்டாண்டர்டு சொல்ற குறைஞ்சபட்ச சராசரி மைனஸ் 9.9, ஆக தாராளமா இருக்கு. அதே ஸ்டாண்டர்டு அனுமதிக்கற பிட் எரர் 10-ன் அடுக்கு மைனஸ் 12, அதாவது முழு வேகத்துல ஓடினா 100 நொடிக்கு ஒரு பிட் கெடலாம். அழுக்கு கனெக்டரா இருந்தா இந்த கவுண்டர் கொஞ்சமாவது ஏறியிருக்கும், அதுவும் ஒரு போர்ட்ல மட்டும் ஏறியிருக்கும். ஆனாலும் கேட்டாங்கன்னு மாட்யூல ஒண்ணொண்ணா மாத்திக் கொடுத்தோம். ஒண்ணொண்ணாங்கறது முக்கியம், ரெண்டையும் கேபிளையும் ஒரேயடியா மாத்திட்டா சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது, சரியாகலன்னாலும் அதே கதை.

அடுத்தது டிரைவர். டிமெசேஜ்ல (கெர்னலோட லாக்) "நெட்டெவ் வாட்ச்டாக், டிரான்ஸ்மிட் க்யூ டைம்ட் அவுட்"னு பெரிய கால் டிரேஸோட ஒரு வரி வந்திருந்துச்சு, கூடவே "டிடெக்டட் டிஎக்ஸ் யூனிட் ஹேங்". இந்த வரிய தேடினா பத்து பேர் பத்து வைத்தியம் சொல்லுவாங்க, டிஎஸ்ஓ (பெரிய டேட்டாவ பாக்கெட்டா வெட்டற வேலைய கார்டே செய்யறது) ஆஃப் பண்ணு, இன்டரப்ட் மாடரேஷன் மாத்து, ரிங் பஃபர் ஏத்து, கெர்னல் மாத்துன்னு. இதுல எதுவும் தப்பான வைத்தியம் இல்ல, வேற நோய்க்கான வைத்தியம். வாட்ச்டாக் வரி சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: க்யூ நிறுத்தி வச்சிருக்கு, கார்டு கிட்ட கொடுத்த பாக்கெட் முடிஞ்சுதுன்னு குறிப்பிட்ட நேரத்துக்குள்ள பதில் வரல, இந்த டிரைவர்ல அது 5 நொடி. ஏன் வரலன்னு அதுக்கு தெரியாது. சாஃப்ட்வேர் தப்பா இருக்கலாம், ஃபர்ம்வேரா இருக்கலாம், கார்டுக்கும் மெமரிக்கும் நடுவுல ரோடே உடைஞ்சிருக்கலாம். வாட்ச்டாக் அடிச்சதும் டிரைவர் கார்ட ரீசெட் பண்ணும், லிங்க் சில நொடி விழுந்து எழும், எல்ஏசிபி மறுபடி பேசி சேரும், ஹோஸ்ட்ல "சர்வர் ஓகே" வரும். தானா சரியாயிடுதுன்னு புகார்ல வந்ததுக்கு இதுதான் அர்த்தம்.

டிஎஸ்ஓவ ஆஃப் பண்ணதுல சிபியூ கொஞ்சம் ஏறினது தவிர வேற மாற்றம் இல்ல. கெர்னல் அப்டேட்டுக்கு அப்புறம் கொஞ்ச நாள் அமைதியா இருந்துச்சு, அத வச்சு டிக்கெட்ட மூடலாம்னு ஒரு பேச்சு வந்துச்சு, நல்லவேளை பேக்கப் லாக்க திறந்து பார்த்தாங்க, அந்த நாட்கள்ல ஃபுல் பேக்கப் ஓடவே இல்ல, வெறும் இன்கிரிமெண்டல்தான். லோடு இல்லாத நாள கணக்குல சேர்த்தா எந்த வைத்தியமும் வேலை செஞ்ச மாதிரிதான் தெரியும்.

நிஜமான துப்பு கிடைச்சது அடுத்த பெரிய விழுகையில. இந்த தடவை உடனே ரீபூட் பண்ணாம, விஎம்ங்க ஏற்கனவே நின்னுதான் இருக்குன்னு மனச கல்லாக்கிட்டு, அந்த நிலையிலயே எல்லாத்தையும் சேகரிச்சோம். டிமெசேஜ்ல கடைசியா "அடாப்டர் ரிமூவ்ட்"னு ஒரு வரி. யாரும் ரூம் பக்கமே போகல, கார்ட யார் கழட்டினா? எல்எஸ்பிசிஐ ஓட்டினா கார்டு லிஸ்ட்ல இருக்கு, ஆனா பேருக்கு பக்கத்துல "ரெவ் எஃப்எஃப்", விவரமா கேட்டா ஆச்சரியக்குறியோட "அன்நோன் ஹெட்டர் டைப் 7எஃப்".

இந்த எஃப்எஃப் என்னன்னு கொஞ்சம் நிதானமா சொல்லணும், மொத்த கேஸும் இங்கதான் திரும்புச்சு. சிபியூ ஒரு பிசிஐஇ (கார்ட மதர்போர்டோட இணைக்கற பாதை) கார்டோட ரெஜிஸ்டர படிக்கும்போது அந்தப் பக்கத்துலேர்ந்து பதிலே வரலன்னா, ரூட் காம்ப்ளக்ஸ் (அந்தப் பாதையோட சிபியூ பக்க முனை) எல்லா பிட்டையும் 1 ஆக்கி திருப்பித் தரும். 32 பிட்னா எட்டு எஃப், 8 பிட்னா ரெண்டு எஃப். ரிவிஷன் நம்பர் எஃப்எஃப்னு ஒரு கார்டு கிடையாது, அது வெத்து இடத்துலேர்ந்து வர்ற எதிரொலி. ஐஎக்ஸ்ஜிபிஈ டிரைவரும் இதத்தான் பார்க்குது, ரெஜிஸ்டர் படிச்சா எல்லாமே எஃப்னு வந்தா இன்னொரு தடவை சரிபார்த்துட்டு அடாப்டர் ரிமூவ்ட்னு எழுதிட்டு கைய விட்டுடும். ஆக கார்டு ஈதர்நெட் பக்கம் சாகல, பிசிஐஇ பக்கம் சிபியூ கூட பேசறத நிறுத்தியிருக்கு. இத பார்த்தப்புறம் கேபிள், மாட்யூல், சுவிட்ச், டிஎஸ்ஓ, ரிங் பஃபர் பத்தி பேச இடமே இல்ல.

பிசிஐஇ பக்கம் பார்க்க ஏஇஆர்னு ஒண்ணு இருக்கு, எரர எண்ணி வைக்கற வசதி. ஆனா டிமெசேஜ்ல ஏஇஆர் வரி ஒண்ணு கூட இல்ல. இந்த சர்வர்ல பயாஸ் அத ஃபர்ம்வேர் ஃபர்ஸ்ட் முறையில வச்சிருந்துச்சு, எரர் முதல்ல ஃபர்ம்வேருக்கு போகும், அது மனசு வச்சாதான் ஓஎஸ்ஸுக்கு வரும். அதனால ஓஎஸ் லாக் சுத்தமா இருக்குன்னு எரர் இல்லன்னு அர்த்தம் இல்ல. பிஎம்சியோட ஈவெண்ட் லாக்க திறந்தா அங்க வரிசையா பிசிஐஇ கரெக்டபிள் எரர், ஒவ்வொரு சம்பவத்துக்கும் கொஞ்ச நேரம் முன்னாடிலேர்ந்து. பயாஸ்ல அத மாத்தி ஓஎஸ்ஸுக்கே நேரா வர விட்டப்புறம் விவரம் தெரிஞ்சுது, ரூட் போர்ட் (சிபியூ பக்கத்து பிசிஐஇ போர்ட்) பேட் டிஎல்பின்னு (கெட்டுப் போன பிசிஐஇ பாக்கெட்) பதிவு பண்ணியிருக்கு, கூட ரிப்ளே டைமர் டைம்அவுட் (அனுப்பினதுக்கு நேரத்துல பதில் வரல). ரூட் போர்ட் பேட் டிஎல்பி சொன்னா கார்டு அனுப்பினது வழியில சிதைஞ்சு வந்து சேர்ந்திருக்குன்னு அர்த்தம். கரெக்டபிள்ங்கறதால லிங்க் திரும்ப அனுப்பி சமாளிச்சுடும், மேல யாருக்கும் தெரியாது. ஆனா அது மணிக்கு ஒண்ணுலேர்ந்து நிமிஷத்துக்கு பலதுன்னு ஏறினா அடுத்து என்ன வரும்னு ஜோசியம் பார்க்க வேண்டாம்.

இன்னொரு இடமும் பார்க்கணும், எல்எஸ்பிசிஐல எல்என்கே கேப், எல்என்கே ஸ்டா ரெண்டு வரி. முதல்ல இருக்கறது கார்டால என்ன முடியும், ரெண்டாவது இப்ப என்ன ஓடுது. இந்த கார்டு லேனுக்கு (இணையா ஓடற பாதை) 5 ஜிடி வேகம், 8 லேன், என்கோடிங் போக 32 ஜிகாபிட் வரும், ரெண்டு 10 ஜிகாபிட் போர்ட்டுக்கு போதும். ஒரு சின்ன சம்பவத்துக்கு அப்புறம் பார்த்தப்ப லேன் 4-க்கு இறங்கியிருந்துச்சு, அதாவது 16 ஜிகாபிட், அது ரெண்டு போர்ட்டும் முழுசா ஓடினா தாங்காது. நெட்வொர்க் ஸ்லோன்னு வந்த சில புகார் இதோட சொந்தக்காரங்கதான்.

சரி, பிசிஐஇ லிங்க் கெடுதுன்னா கார்டா, ஸ்லாட்டா, வேற எதுவுமா? அதே மாடல் ஸ்பேர் கார்ட அதே ஸ்லாட்ல போட்டோம், சில ராத்திரியில அதுவும் விழுந்துச்சு, ஆக கார்டு தப்பிச்சுது. பழைய கார்ட தூரத்து ஸ்லாட்டுக்கு மாத்தினோம், விழுகை குறைஞ்சுது, ஆனா நிக்கல. ஸ்லாட் மட்டும் கெட்டிருந்தா சுத்தமா நின்னிருக்கணும், குறைஞ்சுதுங்கறதுதான் விசித்திரம்.

ஸ்லாட் மாத்தறவங்களுக்கு நடுவுல ஒரு எச்சரிக்கை. 2013-ல சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ் எல்லாம் கிளப்பற மென்பொருள்) 197 வந்தப்புறம் இன்டர்ஃபேஸ் பேரு ஸ்லாட், பஸ் நம்பர வச்சு அமையுது, இடம் மாறினா பேரும் மாறும். பழைய இடத்துல இஎன்பி3எஸ்0எஃப்0, புது ஸ்லாட் ரெண்டாவது சிபியூவோட சேர்ந்தது, எல்எஸ்பிசிஐல பஸ் 81, ஆனா பேருல 129, ஏன்னா எல்எஸ்பிசிஐ ஹெக்ஸ்ல காட்டும், பேரு டெசிமல்ல வரும். பாண்ட் கான்ஃபிக்ல பழைய பேரே இருந்தா பாண்ட் காலியா எழுந்து நிக்கும். மேக் அட்ரஸ வச்சு பேரு கொடுத்துடுங்க, பிஎம்சி கன்சோல் திறந்து வச்சுட்டு இத செய்யுங்க.

குறைஞ்சுது ஆனா நிக்கலங்கறதுக்கு பொருந்தற ஒரே பதில் சூடு. சந்தேகம் வந்ததும் முதல்ல பிஎம்சி டெம்பரேச்சர் பக்கத்த பார்த்தா சிபியூ ரெண்டும் குளுகுளுன்னு இருக்கு, உள்ள வர்ற காத்து நார்மல், எல்லாம் பச்சை. அதுலதான் விஷயமே இருக்கு. ஸ்டோரேஜ் சர்வர்ல சிபியூவுக்கு பெரிய வேலை கிடையாது, வேலை எல்லாம் எச்பிஏவுக்கும் நெட்வொர்க் கார்டுக்கும். ஃபேன் கண்ட்ரோல் பார்க்கறது சிபியூ சூட்ட. சிபியூ சும்மா இருக்கு, அதனால ஃபேன் மெதுவா சுத்துது, அந்த நேரத்துல பின்னாடி ஸ்லாட்ல ரெண்டு கார்டும் வேகுது. ரெண்டுமே ஃபேன் இல்லாத வெறும் ஹீட்சிங்க், சேசிஸ் காத்த நம்பியே டிசைன் பண்ணது. பிஎம்சிக்கு இந்த கார்டுங்களோட சூடு தெரியவே தெரியாது.

டிரைவர்ல ஓவர்ஹீட்னு ஒரு மெசேஜ் இருக்கு, அடாப்டர் சூடாயிடுச்சு நிறுத்திட்டேன்னு நேராவே சொல்லும். ஆனா அது சென்சார் வசதி இருக்கற கார்டுக்கு மட்டும்தான், நம்ம கார்டுல அது இல்ல, எச்டபிள்யூமான்லயும் (லினக்ஸ் சென்சார் அளவ காட்டற இடம்) எதுவும் வரல. அதனால குறுக்கு வழி ஒண்ணு புடிச்சோம்: எஸ்எஃப்பி மாட்யூல், மேல சொன்ன அதே எஸ்ஆர் மாட்யூல்தான். ஈத்டூல் ஹைஃபன் எம்ல ஒளி அளவோட மாட்யூல் டெம்பரேச்சரும் வரும், அது கார்டு மேலயே சொருகி இருக்கு, சிப்போட சூடு அப்படியே இல்லன்னாலும் ஏறுதா இறங்குதான்னு காட்டும். நிமிஷத்துக்கு ஒரு தடவை அத எழுதி வைக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அவ்வளவுதான் செலவு. சாதாரண எஸ்எஃப்பி மாட்யூலுக்கு மேல் வரம்பு 70 டிகிரி. பகல்ல ஐம்பதுகள்ல இருந்தது, பேக்கப்பும் இசட்எஃப்எஸ் ஸ்கிரப்பும் (டிஸ்க்குல இருக்கற டேட்டா எல்லாத்தையும் படிச்சு சரிபார்க்கறது) சேர்ந்து ஓடின ராத்திரியில 70-அ தாண்டி போய், கரெக்டபிள் எரர் ஏற ஆரம்பிச்சு, அப்புறம் வாட்ச்டாக். கிராஃப்ல ரெண்டு கோட்டையும் மேல மேல வச்சு பார்த்தப்ப மீட்டிங்ல யாரும் எதுவும் பேசல.

கிராஃப் ஒத்துப் போறது வேற, நிரூபிக்கறது வேற. மெயிண்டனன்ஸ் நேரம் வாங்கி விஎம்ங்கள நகர்த்திட்டு வேணும்னே கெடுத்துப் பார்த்தோம். முதல்ல ஐபெர்ஃப்3 (நெட்வொர்க் வேகம் அளக்கற டூல்) மட்டும், ரெண்டு போர்ட்லயும் ரெண்டு பக்கமும் முழு வேகம். ஒண்ணும் ஆகல. மணிக்கணக்கா ஓடியும் கார்டு அசையல. இங்க நிறுத்தியிருந்தா கார்டு நல்லாருக்கு, நெட்வொர்க் நல்லாருக்குன்னு சர்டிஃபிகேட் கொடுத்துட்டு கிளம்பியிருக்கலாம். ஐபெர்ஃப் மெமரிலேர்ந்து மெமரிக்கு அனுப்பும், டிஸ்க்க தொடவே தொடாது, பக்கத்து ஸ்லாட்ல எச்பிஏ தூங்கிட்டு இருக்கு. ஸ்கிரப்ப ஆரம்பிச்சு அதுக்கு மேல ஐபெர்ஃப் ஓட்டினப்பதான் மாட்யூல் டெம்பரேச்சர் மேல ஏற ஆரம்பிச்சுது, முதல்ல பேட் டிஎல்பி, பிறகு டிஎக்ஸ் ஹேங், கடைசியில அடாப்டர் ரிமூவ்ட், அச்சு அசல் ராத்திரி வரிசை. கார்டு ஆறினப்புறம் பவர் உருவி எழுப்பி, பிஎம்சில ஃபேன முழு வேகத்துக்கு வச்சு அதே லோடு. கவுண்டர் ஒண்ணு கூட நகரல. மறுபடி ஃபேன பழைய மோடுக்கு இறக்கினோம், மறுபடி விழுந்துச்சு. இந்த மூணாவது படிய நிறைய பேர் செய்யறதில்ல, சரியாயிடுச்சுல்ல அப்புறம் எதுக்குன்னு. ஆனா அது இல்லாம ஃபேன்தான் காரணம்னு சொல்ல முடியாது, நடுவுல பவர் உருவினதாலயே சரியாகியிருக்கலாமே.

ஃபேன் ஏன் மெதுவா சுத்துச்சு? பல வருஷம் ஒழுங்கா ஓடின சர்வர் இது. பிஎம்சி ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணப்ப செட்டிங் எல்லாம் டீஃபால்ட்டுக்கு திரும்பியிருக்கு, அதுல ஃபேன் மோடும் ஒண்ணு. சேஞ்ச் லாக்ல அப்டேட் தேதிய பார்த்தா முதல் புகாருக்கு கொஞ்சம் முன்னாடி. பேருக்கு அது செக்யூரிட்டி அப்டேட், நெட்வொர்க் பிரச்சனைக்கு அத யாரும் சம்பந்தப்படுத்த மாட்டாங்க. கூடவே ஒரு பழைய கார்ட கழட்டின ஸ்லாட்ல பின்பக்க மூடி போடாம ஓட்டையா விட்டிருந்தாங்க, காத்து ஹீட்சிங்க் ஃபின்னுக்குள்ள நுழையாம சுலபமான வழியில வெளிய போயிட்டு இருந்துச்சு. தனியா அது மட்டும் இருந்திருந்தா கார்டு தாங்கியிருக்கும்.

சூடு ஏன் விழ வச்சதுங்கறது ஒரு பாதி. ஒரு கார்டு விழுந்தா ஏன் எல்லாமே விழணும்ங்கறது இன்னொரு பாதி, என்னைக் கேட்டா அதுதான் பெரிய பாதி. 82599 ஒரே சிப், உள்ள ரெண்டு ஃபங்ஷன், பாயிண்ட் 0, பாயிண்ட் 1, ரெண்டுக்கும் ஒரே பிசிஐஇ லிங்க். அந்த ரெண்டு போர்ட்டையும் பாண்ட் பண்ணா ரெண்டு கயித்த ஒரே ஆணியில கட்டின மாதிரி. கேபிள் போனா, சுவிட்ச் போனா, மாட்யூல் போனா பாண்ட் காப்பாத்தும், கார்டு போனா ரெண்டும் சேர்ந்துதான் போகும். டயகிராம்ல ரெண்டு கோடு ரெண்டு சுவிட்சுக்கு போறத பார்த்து எல்லாரும் ரிடண்டன்சின்னு டிக் அடிச்சுடறாங்க, கோடு ஆரம்பிக்கற இடத்த யாரும் பார்க்கறதில்ல.

எல்ஏசிபி டைமர பத்தியும் ஒரு வார்த்தை, இதுல நிறைய குழப்பம் ஓடுது. ஸ்லோ மோட்ல 30 நொடிக்கு ஒரு எல்ஏசிபி பாக்கெட், 90 நொடி வரலன்னாதான் எதிர்பக்கம் செத்ததா முடிவு. ஃபாஸ்ட்ல 1 நொடி, 3 நொடி. லினக்ஸ் பாண்ட்ல எல்ஏசிபி ரேட் ஃபாஸ்ட்னு போட்டா ரெண்டு பக்கமும் ஃபாஸ்ட் ஆயிடும்னு நினைக்கறாங்க, அப்படி இல்ல. நாம போடற செட்டிங், எனக்கு நீ வேகமா அனுப்புன்னு எதிர்பக்கத்த கேக்கறது. சர்வர்ல போட்டா சுவிட்ச் வேகமா அனுப்பும், அதனால சர்வர் சீக்கிரம் கண்டுபுடிக்கும். சர்வர் ஊமையானத சுவிட்ச் சீக்கிரம் கண்டுபுடிக்கணும்னா சுவிட்ச் பக்கம்தான் ஃபாஸ்ட் போடணும். நம்ம கேஸ்ல ஊமையானது சர்வர், அதனால சுவிட்ச் பக்க செட்டிங்தான் தேவைப்பட்டுச்சு. மிமான் (பாண்டோட லிங்க் சோதனை செட்டிங்) இதுக்கு உதவாது, அது கேரியர் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் பார்க்கும், டிரான்ஸ்மிட் தொங்கி கேரியர் எரிஞ்சுட்டே இருந்தா அதுக்கு எல்லாம் சுகமே.

நடுவுல என்எஃப்எஸ்ஸ சாஃப்ட் மவுண்டா மாத்துங்க, ஹோஸ்ட் தொங்காதுன்னு ஒரு யோசனை பலமா வந்துச்சு. மறுத்துட்டோம். சாஃப்ட்னா டைம்அவுட் ஆனதும் ஐஓ எரர் விஎம்முக்கு போகும், விஎம் ஃபைல்சிஸ்டம் ரீட் ஒன்லி ஆயிடும், டேட்டாபேஸ் நடுவுல அறுந்து நிக்கும். ஹார்ட் மவுண்ட்ல விஎம் உறைஞ்சு நிக்கும், பார்க்க அசிங்கம்தான், ஆனா சர்வர் திரும்ப வந்ததும் விட்ட இடத்துலேர்ந்து ஓடும். இத்தனை விழுகையிலயும் ஒரு விஎம் டிஸ்க் கூட கெடாததுக்கு அதுவும் காரணம், அதோட என்எஃப்எஸ்ல ரைட் வெரிஃபையர்னு ஒண்ணு இருக்கறதும் காரணம். சர்வர் ரீபூட் ஆனா அந்த நம்பர் மாறும், கமிட் ஆகாத டேட்டாவ கிளையண்ட் தன் கையில வச்சிருந்து திரும்ப அனுப்பும். என்எஃப்எஸ்ஸ திட்டறவங்க இத கொஞ்சம் நினைச்சுப் பார்க்கலாம்.

செஞ்ச மாற்றம் எல்லாம் சிம்பிள்தான். பிஎம்சில ஃபேனுக்கு கீழ் வரம்பு ஏத்தி வச்சோம், சத்தம் கூடுச்சு, பரவால்ல. ஓட்டை ஸ்லாட்ட மூடினோம். எச்பிஏவுக்கும் நெட்வொர்க் கார்டுக்கும் நடுவுல ஒரு ஸ்லாட் காலியா விட்டோம். சூட்டுல வெந்த கார்ட டெஸ்ட் மெஷினுக்கு அனுப்பிட்டு ரெண்டு புது கார்டு, ஒண்ணு முதல் சிபியூ ஸ்லாட்ல, ஒண்ணு ரெண்டாவது சிபியூ ஸ்லாட்ல, பாண்ட்ல ஒவ்வொரு கார்டுலேர்ந்தும் ஒரு போர்ட். ஓடிட்டு இருக்கும்போதே ஒரு கார்ட சிஸ்எஃப்எஸ்ல (கெர்னல் டிவைஸுங்கள ஃபைலா காட்டற இடம்) ரிமூவ் பண்ணி பார்த்தோம், விஎம்ல ஒரு சின்ன தயக்கம் மட்டும், லாக்ல "நாட் ரெஸ்பாண்டிங்" வரல. ஏஇஆர் இனிமே ஓஎஸ்ஸுக்கு வருது, சிஸ்எஃப்எஸ்ல ஒவ்வொரு டிவைஸுக்கும் கரெக்டபிள் கவுண்டர் ஃபைல் இருக்கு, மானிட்டரிங் அத படிக்குது. லேன் 8-லேர்ந்து இறங்கினா அலர்ட், மாட்யூல் 65 டிகிரி தாண்டினா அலர்ட். ஃபேன் மோடையும் படிக்குது, ஏன்னா அடுத்த பிஎம்சி அப்டேட் மறுபடி டீஃபால்ட்டுக்கு தள்ளத்தான் போகுது. சுவிட்ச் பக்க எல்ஏசிபி ஃபாஸ்ட் மாத்தறதுக்கு அவங்க சேஞ்ச் விண்டோவுல இடம் கேட்டிருக்கோம், அது மட்டும் பாக்கி.

அதே சேசிஸ்ல இன்னொரு ஸ்டோரேஜ் சர்வர் இருக்கு, ரெப்ளிகா வாங்கறது. அதுலயும் அதே பிஎம்சி அப்டேட், அதே மெதுவான ஃபேன், ரெண்டு போர்ட்டும் ஒரே கார்டுல. எச்பிஏ மட்டும் வேற ரைசர்ல (கார்டு சொருகற துணை போர்டு) இருந்ததால இதுவரை விழல, ஆனா பிஎம்சி லாக்ல கரெக்டபிள் எரர் அங்கங்க சிதறிக் கிடந்துச்சு. அதுக்கு ஃபேன் மோட அன்னிக்கே மாத்தியாச்சு, ரெண்டாவது கார்டு ஆர்டர்ல இருக்கு.